முன்விளக்கும் கருப்புத் துணி முடிச்சும்

அந்த எலக்ட்ரீஷியன் கேட்டபோது "தெரியாது" என்று நான் ஏன் சொன்னேன்? மூன்று மாதமாக இதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்குச் சோறு பிசையும்போது கேட்கிறேன், துணி அலசும்போது கேட்கிறேன். பயத்தில் சொன்னேனா, வெட்கத்தில் சொன்னேனா, களைப்பில் வாய் தானாகவே சொல்லிவிட்டதா என்று இன்றுவரை பிடிபடவில்லை. முதலிலிருந்து எழுதினால் பிடிபடுமோ என்று எழுதுகிறேன்.

என் கணவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். பள்ளிக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. எங்கள் பெண் குழந்தைக்கு ஏழு மாதமானபோது நாங்கள் அங்கே குடிபோனோம். போன முதல் மழைக்காலத்திலேயே அவளுக்கு மூச்சில் விசில் சத்தம் வர ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி டாக்டர், வளர வளரச் சரியாகிவிடும், ஆனால் இழுப்பு அதிகமானால் தாமதிக்காமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மாமியார் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் சங்கராபுரத்தில் தனியாக இருக்கிறார். குழந்தைக்கு இரண்டு வயது முடியும்வரை நானும் அவளும் தன்னோடு இருக்கட்டும், மகன் வாரம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் மனமில்லை. கல்யாணமாகி முதல் ஒன்றரை வருடம் கணவர் வேறு ஊரில், நான் வேறு ஊரில் என்றே போயிற்று. ஒரே வீட்டில் மூன்று பேராக இருக்க ஆரம்பித்ததே அந்த மலையில்தான். துணி காயாத வீடு, சுவரில் பூஞ்சை பிடிக்கிற வீடு, இருந்தாலும் அது எங்கள் வீடு. கணவருக்கும் அதே எண்ணம்தான். அம்மாவுக்கு அவர் சொன்ன ஒரே பதில், கார் இருக்கிறது, எந்த நேரமானாலும் கீழே இறங்கிவிடுவோம் என்பதுதான்.

ஆக, நான் அந்த வீட்டில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு அந்தக் கார். எங்கள் கல்யாணத்தைவிடப் பத்து வயது மூத்த, மூன்று கை மாறிய சின்ன வெள்ளைக் கார்.

கார் வாங்கிய மாதம் களமருதூரில் ஓர் உறவுக்காரர் கல்யாணம். மூவரும் காரிலேயே போய் இறங்கினோம். குழந்தை அப்போது கொழுகொழுவென்று இருந்தாள். பந்தலில் ஆளுக்கு ஆள் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு பெரியம்மா, "மலை மேல போனாலும் போனா, காருன்னா இன்னா, கொயந்த இன்னா, ராணி மாதிரி வந்து எறங்குறா பாரு" என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் திரும்பி வந்த இரண்டாம் நாள் குழந்தைக்கு இழுப்பு வந்தது. அதே வாரம் காரின் பின்சக்கரம் ஆணி குத்தி உட்கார்ந்தது. மாமியார் இரண்டையும் கூட்டி, கண்பட்டது என்று ஒரே கணக்காகப் போட்டுவிட்டார்.

முதலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்பக்கம் கட்டச் சொன்னார். கட்டினேன். கணவர் மறுநாளே கத்தரித்துவிட்டார். மாணவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியில் இன்னொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போக முடியாது, இனி இந்தக் காரில் எதுவும் கட்டக் கூடாது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அது சட்டம் போல ஆகிவிட்டது.

மாமியாரிடம் சொன்னபோது அவர் அசரவில்லை.

"அவன் கெடக்கிறான். கண்ணுக்குத் தெரியற எடத்துல கட்டுனாதான அறுப்பான்? உள்ள கட்டு. நீ பெத்தவ, உனக்குத் தெரியாதா?"

கல் உப்பு ஒரு பிடி, படிகாரம் ஒரு துண்டு, காய்ந்த மிளகாய் ஏழு. கருப்புத் துணியில் முடிந்து அவரே கொடுத்தார். அமாவாசைக்கு அமாவாசை துணியோடு உப்பும் மிளகாயும் புதிதாக மாற்ற வேண்டும், பழையதை ஓடுகிற தண்ணீரில் போட வேண்டும் என்றார். நான் வேதியியலில் பட்டம் பெற்றவள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்பேன். கட்டாமல் விட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கட்டினேன்.

காருக்குத் தண்ணீர் பார்க்கிற வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் டப்பாவிலும் வைப்பர் டப்பாவிலும் தண்ணீர் ஊற்றுவேன். நான் கவனமாகச் செய்வேன் என்று கணவரே ஒப்படைத்த வேலை அது. பேட்டரிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு ஓர் இடுக்கு இருந்தது. அதன் அடியில் ஒரு போல்ட்டில் நாலைந்து கருப்பு வயர்கள் சேர்ந்திருந்தன. அந்த போல்ட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சை உள்ளே தள்ளிவிட்டேன். கருப்பு வயரோடு கருப்புத் துணி. நானே குனிந்து தேடினால்தான் தெரியும். அதற்குப் பிறகு ஆறு அமாவாசை, ஒவ்வொரு முறையும் பார்க்காமல் கையால் துழாவித்தான் மாற்றினேன். குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்த அமாவாசையில்கூட நான் உப்பு மாற்றத் தவறவில்லை.

ஐப்பசியில்தான் விளக்கு தகராறு செய்ய ஆரம்பித்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோமுகி அணை தாண்டி மலைச்சாலை ஏறும்போது இருட்டத் தொடங்கியது. கணவர் விளக்கைப் போட்டார். எரிந்தது, ஆனால் மஞ்சளாக, எண்ணெய் தீர்ந்த விளக்கு போல. பிரைட் போட்டால் இன்னும் மங்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. மேகம் சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். எந்தப் பக்கம் ஓரம், எந்தப் பக்கம் பள்ளம் என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டதில் அவள் விழித்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே போகிற பஸ் வந்தது. அதன் பின்னால் அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். யாரோ மூட்டை இறக்கும்வரை காத்திருந்தோம். கண்டக்டர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "சாரு, டிக்கெட் எடுத்துக்கினு வர்றதுதான?" என்றார். கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு சேர்ந்து இறங்கியபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மலைக்குளிரில் அவருக்கு அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவர் நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். கணக்கு ஆசிரியர் எதையும் அப்படித்தான் செய்வார். ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் பல்பு. இரண்டும் ஒன்றாக அணைந்தால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார், எதிலும் கம்பி அறுபடவில்லை. ரிலேயை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டார், மாற்றமில்லை. சுவிட்ச்சை மேலும் கீழும் தட்டினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்று எரியுது, எரியலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். முன்விளக்கைப் போட்டால் போடாத இண்டிகேட்டர் லேசாக மினுங்கியது. சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அவர் பானெட்டைத் திறந்தபோது என் கவலை வேறு. முடிச்சு அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பது மட்டும்தான். விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. பேட்டரிப் பக்கம் அவர் குனிந்தபோது குழந்தைக்குப் பால் சூடு பண்ண வேண்டும், வந்து இவளைப் பிடியுங்கள் என்றேன். அவர் வந்தார். அன்றைக்கு அவரை நான் குனிய விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கச்சிராயபாளையத்தில் ஒரு மெக்கானிக் இரண்டு பல்பையும் மாற்றினார். ஹோல்டரைச் சுரண்டினார். மாற்றிய கையோடு பளிச்சென்று எரிந்தது. ஒன்பது நாள் எரிந்தது. பத்தாம் நாள் மறுபடி மஞ்சள். பானெட்டின் இடது மூலையில் ஓங்கித் தட்டினால் வரும் என்று கண்டுபிடித்தோம். பிறகு மூன்று தட்டு, பிறகு ஏழெட்டு. குழந்தை அதைப் பார்த்து, எதைக் கண்டாலும் கையால் தட்ட ஆரம்பித்தாள்.

மாமியாருக்கு இது தெரியாமல் பார்த்துக்கொண்டோம். ஆனால் ஒரு மாலை குழந்தைக்கு இழுப்பு அதிகமாகி, விளக்கும் வராமல், பள்ளியில் இன்னோர் ஆசிரியரின் பைக் பின்னால் உட்கார்ந்து நான் மட்டும் குழந்தையோடு கீழே போக வேண்டி வந்தது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைப் போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டே போனேன். நெபுலைசர் வைத்தார்கள், காலையில் சரியாகிவிட்டாள். மாமியார் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்றைக்குக் கணவர் ஒரு முடிவு சொன்னார். வடக்கனந்தலில் கார் வயரிங் மட்டுமே பார்க்கிற ஒருவர் இருக்கிறார், கடைசியாக அவரிடம் காட்டுவோம், அவரும் கைவிட்டால் மழையும் பனியும் முடியும்வரை நீங்கள் இருவரும் கீழே இருங்கள் என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை போனோம். கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் அலுவலக வேலை இருந்தது. வண்டியையும் எங்களையும் விட்டுவிட்டு பஸ் ஏறினார். எலக்ட்ரீஷியனுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. ஒரு பல்பில் நீள வயர் கோத்து வைத்திருந்தார், அதன் ஒரு முனையை பேட்டரியில் வைத்து மறு முனையால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். பல்பு, பியூஸ், ரிலே என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இண்டிகேட்டர் மினுங்குவதைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அத முதல்லயே சொல்லக் கூடாதாக்கா? கரண்டு போறதுக்கு வழி இருக்குது, திரும்பி வர்றதுக்கு வழி இல்ல. அது ஊட்டுக்கு ஊடு பூந்து வழி தேடிக்கினு இருக்குது. எர்த்துதான் போயிருக்கும்."

பேட்டரியைக் கழற்றித் தூக்கி வெளியே வைத்தார். அவர் இடுக்கில் கையை விட்டார். சிறிது நேரம் எதையோ அவிழ்த்தார். வெளியே வந்த கை நிறையப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. கூடவே என் முடிச்சு, சொதசொதவென்று, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல. எர்த்து வயர்கள் சேரும் அந்த போல்ட் இருந்த இடத்தில் தகடு செதில் செதிலாக உரிந்திருந்தது. வயர் முனைகள் தொட்டதும் உதிர்ந்தன.

உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்புத் தண்ணீர் இரும்பையும் செம்பையும் தின்னும். அதிலும் மின்சாரம் போகிற இடம் என்றால் கேட்கவே வேண்டாம். இது பள்ளிப் பாடம். நான் இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மலையில் மேகத்துக்குள் நிற்கிற காரில், மாதம் தவறாமல் புது உப்பு வைத்திருக்கிறேன். இரண்டு முறை மறந்திருந்தால்கூட இவ்வளவு அரித்திருக்காது.

அவர் முடிச்சை ஒரு பழைய தாளில் வைத்தார். குழந்தையின் கன்னத்தில் இருந்த மைப்பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருக்கா கட்டுனது இது?"

"தெரியாது" என்றேன்.

அவர் கையை ஒரு துணியில் துடைத்தார். பிறகு, "பழைய ஓனரு யாராச்சும் கட்டியிருப்பாங்க" என்று அவரே சொல்லி, தாளை மடித்துக் குப்பை டப்பாவில் போட்டார். துணி புதிதாக இருந்தது, மிளகாய்க் காம்பு கூடக் கறுக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு ஒரு வழி விட்டார். நான் அதில் நுழைந்துகொண்டேன்.

தகட்டைச் சுரண்டி, வேறு இடத்தில் துளை போட்டு, புது வயர் இழுத்து, மேலே கிரீஸ் தடவினார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டார். எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டம் விழுந்தது. குழந்தை தவழ்ந்து போய் அதைத் தட்டினாள். வாங்கிய நாளிலிருந்து அந்த விளக்குகள் அப்படி எரிந்ததே இல்லை.

மதியம் கணவர் வந்தார். கையிலிருந்த காபியைக்கூடக் குடிக்காமல் என்ன கோளாறு என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"ஒண்ணுமில்ல சார். மல ஈரம் ஜாஸ்தி. எர்த்து அரிச்சிப் போச்சு."

"மறுபடி அரிக்குமா?"

"ஈரம் இருந்தா அரிக்கத்தான் சார் செய்யும். வருசம் ஒரு தபா பாத்துக்கினா போதும்."

கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஈரம்தான் காரணம், ஈரம் மலையில் எப்போதும் இருக்கிறது, ஆகவே விளக்கு எந்த நாளும் போகலாம். அடிவரை சரியாகப் போட்ட கணக்கு. முதல் வரி மட்டும் தவறு, அந்த முதல் வரியைக் கொடுத்தவள் நான். காரில் உட்கார்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"மாசி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அம்மாகிட்ட இருங்க. என்னால மறுபடி அந்த வளைவுல கண்ணத் தொறந்துகினு குருடனா நிக்க முடியாது."

ஈரமில்லைங்க, உப்பு, நான்தான் வைத்தேன் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கார் மலைப் பக்கம் திரும்பாமல் சங்கராபுரம் சாலையில் திரும்பியது. நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

இதை எழுதுவது சங்கராபுரத்தில். மூன்று மாதமாகிறது. விளக்குகள் ஒரு நாளும் மங்கவில்லை என்று அவர் சனிக்கிழமை வரும்போதெல்லாம் சொல்கிறார். ஆனாலும் ஈரத்தை நம்ப முடியாதும்மா என்றும் சொல்கிறார். போன வாரம், மாசியும் வேண்டாம், இரண்டு வயது முடியட்டும் என்றார். குழந்தை அவரைப் பார்த்ததும் முதல் பத்து நிமிடம் என் தோளில் முகத்தை ஒளித்துக்கொள்கிறாள். அவர் அதைப் பார்க்காதது போல ஷூவைக் கழற்றுகிறார்.

மாமியார் ஒவ்வோர் அமாவாசை முடிந்து கார் வரும்போதும் உப்பு மாற்றினாயா என்று கேட்கிறார். மாற்றினேன் அத்தை என்கிறேன். ஒரு "தெரியாது" சொன்னதற்கு இத்தனை பொய் வட்டி.

உண்மையைச் சொன்னால் கார் பழியிலிருந்து தப்பும், மலை தப்பும், நாங்கள் மேலே போகலாம். ஆனால் கணவர் வேண்டாம் என்றதை நான் ஒளித்துச் செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் உயிரும் குழந்தை உயிரும் அந்த வளைவில் நின்றது என் கைவேலையால் என்றும் தெரிந்துவிடும். கொடுத்தது அம்மா என்று தெரிந்தால் அவர் அம்மாவிடம் கத்துவார். மாமியார் தன் பேத்திக்காகச் செய்ததுதான் அது. அதற்காக இந்த வயதில் மகனிடம் பேச்சு வாங்க வேண்டுமா? இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கே தயக்கம். கீழே வந்த பிறகு குழந்தைக்கு ஒரே ஒருமுறைதான் இழுப்பு வந்தது. அப்படியானால் நான் வாயைத் திறப்பது அவளுக்காகவா, எனக்காகவா?

இதைப் படிக்கிறவர்களில் வீட்டில் ஒன்றை மறைத்து, பிறகு சொன்னவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். முதலில் யாரிடம் சொன்னீர்கள்? கணவரிடம் தனியாகச் சொல்லி, மாமியார் பெயரை விட்டுவிடலாமா, அது இன்னொரு பொய்யாகிவிடுமா? அல்லது மாமியாரிடம் முதலில் சொல்லி, நான் இப்படிச் சொல்லப் போகிறேன் அத்தை என்று கேட்டுக்கொண்டு சொல்வதுதான் முறையா? வருகிற சனிக்கிழமைக்கு முன் உங்கள் யோசனை வந்தால் உதவியாக இருக்கும். அதற்குப் பிறகு வந்தாலும் எழுதுங்கள்.